நெடுங்கேணியில் நாலு நிமிடம் முந்தி வந்த செய்மதி

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசி மாதம். மாலையில் வானத்தைக் கடக்கும் செய்மதியின், பலூன் போல ஊதிய அந்தச் செயற்கைக்கோளின், உயரத்தை நாங்களே அளந்து பார்ப்பது என்று நானும் இராசநாயகமும் முடிவெடுத்தோம். அவர் வவுனியாவில் நில அளவை வரைஞர். நான் கணித ஆசிரியன். இருவர் தூரத் தூர நின்று, ஒரே நேரத்தில் அது ஒரு நட்சத்திரத்துக்கு எவ்வளவு கிட்டப் போகிறதென்று பார்க்க வேண்டும். இரண்டு பார்வைக்கும் உள்ள வித்தியாசத்தில் உயரம் கிடைக்கும். அவருக்கு நெளுக்குளம், எனக்கு நெடுங்கேணி. இடையில் நேர்கோட்டில் இருபது மைல் சொச்சம். என் விடுமுறையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மாலை.

வவுனியாவில் காலை 10.15க்கு பஸ். தொண்ணூற்றைந்து சதம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற சனம் நிறைந்திருந்ததால் முழுவழியும் நின்றுதான் போனேன். இறங்கும்போது 12.20.

கைக்கடிகாரத்தை விநாடி பிசகாமல் வைக்க ரேடியோ வேண்டும். சந்தியில் காசிம் நானாவின் பலசரக்குக் கடையில் இருந்தது. ஒரு மணிச் செய்திக்குக் காத்திருந்தபோது அவருடைய மனைவி கதீஜா தேத்தண்ணி கொண்டு வந்தா.

"விநாடி எதுக்கு மாஸ்டர்?"

சொன்னேன்.

"அந்த ஓடுற வெள்ளியோ? நேற்றும் பார்த்தனான். ஏழு இருபத்தெட்டுக்கு."

வெள்ளி என்றால் ஊரில் நட்சத்திரம்; ஓடுற வெள்ளி என்றது செய்மதியை. என் அட்டவணையில் அதன் நேற்றைய நேரம் 7.32. வெளிநாட்டுச் சங்கமொன்று தபாலில் அனுப்பியது. "உங்கட மணிக்கூடு சரியோ அக்கா?" என்று கேட்டேன்.

"ரேடியோவோட நாளும் சரி பார்க்கிறனாங்கள்," என்றார் காசிம் நானா.

மேலே இருக்கும் மெல்லிய காற்று பலூனை மெல்ல மெல்ல இழுப்பதால் அது தாழ்ந்து, சுற்றும் நேரம் குறைந்து, கணக்குப் பிசகும் என்று வாசித்திருந்தேன். அப்படியானால் இன்றும் அது 7.08க்கு அல்ல, 7.04க்கே வரும். இராசநாயகம் அட்டவணையை நம்பி இருந்தால் நட்சத்திரத்தைத் தாண்டிப் போன பிறகுதான் பார்ப்பார். தபாற்கந்தோருக்கு ஓடித் தந்தி கொடுத்தேன். நெளுக்குளத்துக்கு அது சைக்கிளில்தான் போக வேண்டும். நேரத்துக்குப் போய்ச் சேருமோ தெரியவில்லை.

மாலை காசிம் நானாவும் குளக்கட்டுக்கு வந்து என் கடிகாரத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டார். மேற்கிலிருந்து ஏறிவந்த வெளிச்சம் நாங்கள் குறித்துவைத்த சுவாதி நட்சத்திரத்தைத் தொட்டதும் கை தட்டினேன். "ஏழு நாலு, பன்னிரண்டு," என்று வாசித்தார்.

மறுநாள் வவுனியா பஸ் நிலையத்தில் இராசநாயகம் சிரித்தபடி நின்றார். தந்தி 6.40க்குக் கிடைத்ததாம். அவருக்குச் செய்மதி சுவாதிக்கு வடக்கே, இரண்டு நிலா அகலம் தள்ளிப் போயிருக்கிறது. தேத்தண்ணிக் கடையிலேயே கணக்குப் போட்டோம். ஏறக்குறைய ஆயிரம் மைல். அட்டவணையில் இருந்த உயரமும் கிட்டத்தட்ட அதுதான்.

இப்படிப் போகிறவர்களுக்கு: பொங்கல் நாளில் பஸ்ஸில் இருக்க இடம் கிடையாது. வெறுங்கண்ணே போதும். மரம் மறைக்காத குளக்கட்டில் அட்டவணை நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே நில்லுங்கள். ஊரவர்களிடம் கேட்காமல் மட்டும் போகாதீர்கள்.

உயரத்தை எழுதி கதீஜா அக்காவுக்கு ஒரு தபாலட்டை போட்டேன். அடுத்த கிழமை பதில் வந்தது. நலம் விசாரித்து ஒரு வரி. அதன் கீழே, நான் திரும்பி வந்த பிறகான நாலு மாலைகளின் நேரங்கள், எந்த வெள்ளிக்குக் கிட்ட என்ற குறிப்போடு.