அக்கா வீட்டுச் சுவரில் கப்பல் சண்டை

மாரியம்மன் தாயை மனதில் நினைத்து, எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இதை எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும். சொல்லும் விஷயத்தில் பிழை கிடையாது.

அக்கா பிறந்தது வெம்பக்கோட்டைப் பக்கம். மழை பெய்தால் காட்டு வேலை, பெய்யாவிட்டால் பட்டினி என்றிருந்த குடும்பம். சிறு வயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார். அந்தக் கூலியில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். விஸ்வநத்தத்தில் வாழ்க்கைப்பட்டார். பெண் குழந்தை நடை பழகும் முன்பே மச்சானைப் பட்டாசு விபத்தில் பறிகொடுத்தார். பிறகு சிவகாசியில் தகரத்தில் படம் அச்சடிக்கும் கம்பெனியில் சேர்ந்து, ஒற்றை ஆளாக மகளை வளர்த்தார்.

சுனாமிக்கு முந்தைய வருடம் அந்தக் கம்பெனிக்கு ஓட்டல் சுவர்களில் மாட்டுவதற்கான பெரிய தகரப் படங்கள் ஆர்டர் வந்தது. எல்லாம் அந்தக் காலத்துக் கப்பற்படைச் சண்டைகள். பாய் கிழிந்த கப்பல், பீரங்கிப் புகை, தீப்பிடித்துச் சாயும் கப்பல், கயிற்றில் தொங்கும் சிப்பாய்கள். எந்த நாட்டுச் சண்டை என்று எங்களுக்குத் தெரியாது. கலர் விலகிக் கழிவில் போன நான்கை அக்கா மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்தார். டிரங்குப் பெட்டி செய்பவரிடம் கொடுத்து, கையை வெட்டாதபடி ஓரத்தை மடக்கினார். சுவருக்கு வெளிர் நீலம் அடித்து, மூன்றை முன் அறையிலும் ஒன்றை அடுப்படி வாசலுக்கு மேலும் மாட்டினார். துருப்பிடிக்காமல் இருக்க வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய்த் துணியால் துடைப்பார். சாமிப் படங்களுக்குப் பூ வைத்த பிறகுதான் அந்த வேலை.

அன்றிலிருந்து பேச்சு ஆரம்பித்தது. மச்சானின் அண்ணன், நான் பெரிய மச்சான் என்று கூப்பிடுபவர், வாசலில் நின்றே கேட்டார்: "ஏத்தா, தாலி இழந்த வீட்டுக்கு இம்புட்டு ஜோடனை எதுக்கு? அதுலயும் எரியிற கப்பலு! நெருப்புல புருசனக் குடுத்த வீடுங்கிறது மறந்து போச்சா?"

"மறக்கல மாமா. எனக்குப் புடிச்சிருக்கு, மாட்டிருக்கேன்."

"கடலையே பாக்காதவளுக்குக் கப்பல் என்னத்துக்கு?"

"நீங்க கைலாசத்துக்குப் போயிட்டு வந்தா சிவன் படத்த மாட்டுனீக?"

சாமியை இழுத்துப் பேசுகிறாரே என்று எனக்குத் திக்கென்றது. ஆனாலும் சிரித்துவிட்டேன். சுனாமிக்கும் அக்கா வீட்டுப் படந்தான் காரணம் என்று உறவுக்காரர்கள் சொல்லாததுதான் பாக்கி.

சிரிக்க முடியாத நாளும் வந்தது. மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். மாப்பிள்ளையின் அத்தை சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சண்டப் படம் மாட்டுன வீட்ல வளந்த பொண்ணு சண்டக்காரியாத்தான் இருக்கும். கழட்டிட்டுச் சொல்லி அனுப்புங்க, பேசுவோம்" என்றார்.

அக்கா காபி டம்ளரைக் கையில் கொடுத்துக்கொண்டே, "என் வீட்டுச் சுவத்துலதான மாட்டிருக்கேன், உங்க வீட்டுலயா மாட்டச் சொன்னேன்? காபியக் குடிங்க, ஆறிரும்" என்றார்.

அந்த இடம் போயிற்று. பெற்ற மகள் வாழ்க்கையைத் தகரத்துக்காகக் கெடுத்தவள் என்று ஊர் ஏசியது. அடுத்த வரன் அமைய வெகு நாளாயிற்று. அந்த நாட்களில் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் மகளிடமே, "உனக்காகக் கழட்டிரவாத்தா?" என்று கேட்டார். "கழட்டுனா நான் கட்டிக்கிடவே மாட்டேன்" என்று அது சொல்லிவிட்டது. பிறகு சூலக்கரையில் நல்ல குடும்பம் கிடைத்தது. மாப்பிள்ளை வந்தவுடன், இந்தக் கப்பல் ஜெயிச்சதா தோத்ததா என்று கேட்டார்.

போன வருடம் அக்கா காய்ச்சலில் மருத்துவமனையில் படுத்து, சில நாட்களிலேயே அம்மன் காலடி சேர்ந்தார். உடலை முன் அறையில் கிடத்தியிருந்தோம். கூட்டத்தில் யாரோ நான்கு படங்களையும் கழற்றிப் புழக்கடையில் சாய்த்துவிட்டார்கள். கொட்டு முழங்க, தூக்கப் போகிற நேரம். அழுதுகொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தது. சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன.

"எங்கம்மா படம் எங்க?"

"துட்டி வீட்ல எதுக்குத்தா அது? இப்பமாவது வீடு வீடா இருக்கட்டும்" என்றார் பெரிய மச்சான்.

"பெரியப்பா, படம் ஏறுன பெறகுதான் எங்கம்மாவத் தூக்கணும். யாரும் கை வைக்கக் கூடாது."

கொட்டு நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நேரம் தப்புகிறது என்று பலர் முணுமுணுத்தார்கள். மகள் வழியில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு புழக்கடைக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்து வந்தது. நான் ஸ்டூலில் ஏறி வாங்கி மாட்டினேன். மூன்றாவது படம் கோணலாக நின்றது. அதை நேராக்கிய பிறகே தூக்கச் சம்மதித்தது.

அந்த வெயிலில் பாடைக் கம்பைப் பிடித்தபடி வாய் திறக்காமல் காத்து நின்ற விஸ்வநத்தம் இளவட்டங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. மருத்துவமனையில் கூட இருந்த அச்சுக் கம்பெனிப் பெண்களுக்கும், கருமாதி வரை அடுப்படியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் கை கூப்புகிறேன். பெரிய மச்சானுக்கும் நன்றி. கோபத்தோடு நின்றாலும் கடைசி வரை கூட வந்தார்.

இன்று வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் இலை போட்டிருக்கிறோம். சாமி கும்பிட்டு, வயிறாரச் சாப்பிட்டு, அக்கா மகளை வாழ்த்திவிட்டுப் போங்கள். படத்தைப் பற்றி மட்டும் எங்களிடம் பேச வேண்டாம். அது அக்காவுக்குப் பிடித்திருந்தது.