கௌரியின் இடப்பக்கம்

கௌரி வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது வலது காலில் மட்டும் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாகப் புழுதி படிந்திருந்தது. இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்தாள்.

"ரெண்டும் போட்டுக்கினுதானே இருக்கிறன்" என்றாள்.

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். உள்ளே வரும்போது அவளுடைய இடது தோள் கதவு நிலையில் பலமாக இடித்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. ஏன் நின்றோம் என்று புரியாதவளைப் போல அங்கேயே நின்றாள். வாயின் இடது ஓரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு ரத்னம்மா அதைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் என்னிடம் சத்தம் போட்டார், உடனே ஆட்டோ பிடிக்கும்படி. அவருடைய மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதற்கு மறுவருஷம் அது. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கௌரி எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் நிவேதா மூன்றாம் வகுப்பு. கௌரிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

ஓசூரில் முதலுதவி செய்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் மூளையின் வலப்பக்க ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருப்பது தெரிந்தது. பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் அது செயலிழப்பது) என்றார்கள். இடது கை கால் முழுவதும் விழுந்துவிடவில்லை. பேச்சும் தெளிவாக இருந்தது. தப்பித்துவிட்டோம் என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று நினைத்தேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, "இந்தக் கைய எடுங்க, பாரமா இருக்குது" என்றாள். அவள் வயிற்றின் மேல் கிடந்தது அவளுடைய இடது கை. அது உன் கை என்றேன். வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "என் கை இது. அது உங்களுது." கோபமோ குழப்பமோ இல்லை குரலில். நான் என் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினேன். அவள் பார்த்தாள், களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று மாலை டாக்டர் வந்து ஒரு சோதனை செய்து காட்டினார். இடப்பக்கம் மட்டும் ஒரு விரலை அசைத்தார். கௌரி அதைப் பார்த்தாள். வலப்பக்கம் மட்டும் அசைத்தார். அதையும் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒன்றாக அசைத்தபோது வலப்பக்க விரல் மட்டும்தான் தெரிகிறது என்றாள்.

டாக்டர் கன்னடம் கலந்த தமிழில் எனக்கு விளக்கினார். "கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல. கண்ணு எல்லாத்தையும் உள்ள அனுப்புது. அதுல எதைக் கவனிக்கணும்னு மூளைதான் எடுக்குது. இவங்க மூளை இடப்பக்கத்தை எடுக்கறதில்ல."

இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு (பார்வை நன்றாக இருந்தும் உலகின் ஒரு பாதியை மூளை விட்டுவிடுவது) என்று பெயர். பலருக்குச் சில மாதங்களில் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும் என்றார். கிளம்பும் முன் இன்னொன்றும் சொன்னார். வீட்டில் எல்லோரும் நோயாளிக்குத் தெரிகிற பக்கமாகவே உட்காருவார்கள், அது வேண்டாம். இடப்பக்கம் உட்காருங்கள், அங்கிருந்து கூப்பிடுங்கள், அவளாகத் திரும்பட்டும் என்றார்.

அப்படித்தான் நான் என் மனைவிக்கு இல்லாத பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நோயின் அளவு தெரிந்தது. தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்வாள். இடது பாதி அப்படியே இருக்கும். தட்டைத் திருப்பி வைத்தால், இவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தீர்கள் என்பது போல என்னைப் பார்ப்பாள். தினத்தாளில் வரியின் பின்பாதியை மட்டும் படித்துவிட்டு, இப்போதெல்லாம் என்னென்னவோ எழுதுகிறார்கள் என்பாள். நிவேதா இடப்பக்கமிருந்து "அம்மா" என்றால் வலப்பக்கம் திரும்பித் தேடுவாள். சத்தம் காதில் விழுகிறது, ஆனால் வருகிற திசையை மூளை மாற்றி வைத்துவிடுகிறது. இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு நிவேதா போய்விடுவாள்.

கொஞ்சம் தேறிய பிறகு ஒரு காலையில் நிவேதாவுக்கு அவளே தலை பின்னிவிட்டாள். கோணலாக இருந்தாலும் வலப்பக்கச் சடையை முடித்து ரிப்பன் கட்டி, "போ, நேரமாச்சு" என்றாள். இடப்பக்க முடி அவிழ்ந்தே கிடந்தது. குழந்தை என்னிடம் வந்து திரும்பி நின்றது. எனக்குச் சடை பின்னத் தெரியாது. ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், எது உங்களை அதிகம் களைப்பாக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தூக்குவதோ குளிப்பாட்டுவதோ அல்ல. ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பது. "இடப்பக்கம், கௌரி." ஷிஃப்டுக்குப் போகும் முன் சொல்வேன், வந்ததும் சொல்வேன், சாப்பாட்டில், குளியலறை வாசலில், தெருவில். நான் இல்லாத நேரத்தில் ரத்னம்மா "எடகடே" என்று கன்னடத்தில் சொல்வார். சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லுக்கு அர்த்தமே தேய்ந்துபோனது. மெஷின் முன்னால் நின்றுகொண்டு அதை முணுமுணுக்கிறேன் என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கருகல் வாடை வந்தது. உள்ளே போனால் கௌரி அடுப்பின் முன்னால் நின்று வலப்பக்க அலமாரியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னமோ தீயுதுங்க. எங்கன்னுதான் தெரியல" என்றாள்.

அவளுடைய இடது மணிக்கட்டு தோசைக்கல்லின் ஓரத்தில் இருந்தது.

கையை இழுத்துத் தண்ணீரில் பிடித்தேன். தோல் வெந்திருந்தது. அவள் அந்தப் புண்ணைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தாள். மூக்கு தன் வேலையைச் செய்திருந்தது. என்னமோ எரிகிறது என்று சரியாகவே சொல்லியிருந்தது. எரிவது தன் உடம்பு என்று சொல்ல வேண்டிய இடம் மட்டும் சும்மா இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு அவளுடைய தம்பி மாதேஷ் அஞ்செட்டியிலிருந்து வந்தான். ஒரே அக்கா, உயிராக இருப்பவன். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. ஊரில் அம்மா இருக்கிறாள், அடுப்புப் பக்கமே விடமாட்டாள், நீங்கள் வேலைக்குப் போகிற நேரமெல்லாம் இங்கே இவள் தனியாக இருப்பது சரியில்லை என்றான். "நீங்களும் எவ்ளோதான் பாப்பீங்க மாமா. நான் கூட்டிக்கினு போறன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த ஊருக்குப் பஸ்ஸே எப்போதாவதுதான். பிசியோதெரபி (உடற்பயிற்சி மூலம் தரும் சிகிச்சை) அங்கே கிடைக்காது. போனால் இடப்பக்கம் திரும்பாமலே இருந்துவிடுவாள் என்று எனக்குப் பயம். அதே நேரம், போகட்டும், நான் கொஞ்சம் தூங்கலாம் என்றும் இருந்தது.

மாதேஷ் அவளிடமே கேட்டான். "அந்தப் பக்கம் இருட்டா தெரியுதாக்கா உனக்கு?"

நோய் வந்ததிலிருந்து யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

"இருட்டு இல்லடா. இருட்டா இருந்தா இருட்டுன்னு தெரிஞ்சுடுமே. உன் முதுவுக்குப் பின்னால உனக்கு என்னா தெரியுது? இருட்டா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"அதான். ஒண்ணு கொறையுதுன்னே தெரியாது. நீங்க எல்லாரும் சொல்றதால நம்பறன். நம்பித்தான் திரும்பறன்." பிறகு சொன்னாள், "அம்மா திரும்ப உடமாட்டா. எல்லாத்தையும் எடுத்து வலது கையில குடுத்துடுவா. நான் இங்கயே இருக்கறன்."

மாதேஷ் அப்புறம் அழைக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை ராகி மூட்டையோடு வந்து, அவளுடைய இடப்பக்கமாக உட்கார்ந்து, அவள் கண்டுபிடிக்கும்வரை பேசாமல் இருப்பான்.

அவள் சொன்ன வார்த்தைதான் சிகிச்சைக்கும் வழியாக இருந்தது. தெரியாததை நம்பித் திரும்புவது. பிசியோதெரபி செய்யும் பெண் தட்டின் இடது விளிம்பிலும் தினத்தாளின் இடது ஓரத்திலும் சிவப்பு டேப் ஒட்டச் சொன்னார். சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், அதன் பிறகே சாப்பிட, படிக்க. முதல் சில வாரங்கள் அவளுக்கு அழுகையாக வந்தது. முடிந்துபோன உலகத்துக்கு அப்பாலும் போ என்றால் கழுத்து எப்படிப் போகும்? ஆனாலும் போயிற்று. நிவேதாவும் கூப்பிடுவதோடு நிற்காமல் இடது தோளைத் தொட்டுவிட்டுக் காத்திருக்கக் கற்றுக்கொண்டாள்.

இப்போது மூன்று வருஷமாகிறது. கம்பெனியில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டு வேலைகளை மெதுவாகச் செய்கிறாள். இரண்டு சடையும் பின்னுகிறாள். தட்டு காலியாகிறது. காய்ச்சல் வந்தாலோ மிகவும் களைத்தாலோ இடப்பக்கம் மறுபடி போய்விடுகிறது. அந்த நாட்களில் நானும் பழையபடி தட்டைத் திருப்புகிறேன். முழுவதும் குணமாகும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. குறையும் என்று சொல்லலாம்.

எனக்கும் ஏதோ ஆகியிருக்கிறது. வண்டி ஓட்டும்போதும் மெஷின் முன்னால் நிற்கும்போதும் திடீரென்று பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை என்பது இத்தனை வயதுக்குப் பிறகுதான் உறைத்திருக்கிறது. நேரமும் எங்கள் வீட்டில் வேறு மாதிரி ஓடுகிறது. அவள் தலை என் பக்கம் திரும்பி முடியும்வரை எந்தப் பேச்சும் ஆரம்பிப்பதில்லை.

போன மாதம் நிவேதாவின் பள்ளிப் போட்டிக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்தோம். முடியும்வரை மைதானத்து மரத்தடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் வழக்கம்போல இடப்பக்கம். கூப்பிடவில்லை, களைப்பாக இருந்தது. அவள் மாங்காய்ப் பத்தை தின்றுகொண்டு வலப்பக்கத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மர நிழல் எங்கள் காலைத் தாண்டிப் போயிற்று. பிறகு, யாரும் சொல்லாமலே, அவள் தலை மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. பெஞ்சின் நடுவைத் தாண்டி, என் முழங்காலைத் தாண்டி, என் முகத்தில் வந்து நின்றது.

"வந்துட்டீங்களா" என்றாள் சந்தோஷமாக. "எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்" என்றேன்.