எறும்பு ஏறாத கலர்

அரூர் வட்டாரத்துக் கடைக்காரர்களுக்கு மனுஷன் வாக்கில் நம்பிக்கை கிடையாது, எறும்பின் வாக்கில்தான் நம்பிக்கை. கலர் சோடாப் பெட்டி வந்து இறங்கியதும் ஒரு பாட்டிலைத் திறந்து, கடை வாசலில் மண்ணின் மேல் கொஞ்சம் ஊற்றுவார்கள். பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். எறும்பு மொய்த்தால் அது சர்க்கரை போட்ட கலர். கிட்டே வந்து மீசையை ஆட்டிவிட்டுப் போய்விட்டால் சாக்ரின் போட்டது. சாக்ரின் மனுஷன் நாக்கைத்தான் ஏமாற்றும், எறும்பிடம் அதன் ஜம்பம் பலிக்காது. இது எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இதனால் ரொம்பவும் தொல்லைப்பட்டவர் என் பெரியப்பா.

பெரியப்பாவின் சோடா கம்பெனி எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகையில் இருந்தது. கம்பெனி என்றால் ஒரு கேஸ் சிலிண்டர், பாட்டிலைத் தலைகீழாகச் சுற்றும் ஒரு மெஷின், நீலமும் பச்சையுமாய் கோலி பாட்டில்கள், ஆரஞ்சுச் சாயமும் எசன்ஸும், அவ்வளவுதான். பெரியப்பா முதலாளி, என் அப்பா வேன் ஓட்டிக் கடைகளுக்குப் போடுகிறவர். பெரியம்மாவும் அம்மாவும் பாட்டில் கழுவுவார்கள். பெரியப்பாவுக்கு ஒரே மகள். அந்த அக்கா ஏழாவது படித்தாள், நான் மூன்றாவது. எல்லாரும் ஒரே வீடு, ஒரே உலை.

சர்க்கரை விற்கிற விலையில் கலரில் கொட்ட முடியுமா என்பது பெரியப்பாவின் கட்சி. சேலத்திலிருந்து வரும் சின்னப் பொட்டலத்தில் உப்பைப்போல் வெள்ளையாகச் சாக்ரின் இருக்கும். ஒரு சிட்டிகையைத் தொட்டியில் போட்டால் தொட்டி முழுக்க இனிக்கும். நுனி நாக்கில் இனிப்பு, விழுங்கியதும் அடி நாக்கில் வேப்பங்கொழுந்து. அந்தக் கசப்பை எசன்ஸ் மறைத்துவிடும் என்பார். மறைக்காது. ஏப்பத்தோடு அது மேலே ஏறி வரும்போது, ‘கேஸ் நல்லா புடிச்சிருக்குது’ என்று ஜனங்கள் மெச்சிக்கொண்டார்கள். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கும் ஆபீசர்கள் வருகிற இடத்துக்கும் மட்டும் அசல் சர்க்கரையில் தனியாகப் போடுவார். அந்தப் பாட்டில்கள் கொட்டகை மூலையில் பூட்டிய அறையில் இருக்கும். எங்களுக்கு நாக்கு நனைக்கக் கிடைத்ததெல்லாம் சாக்ரின் கலர்தான். தோட்டக்காரன் பிள்ளைக்குப் பூச்சிக் கத்தரிக்காய் என்கிற கதை.

கடைக்காரர்கள் எறும்பைச் சாட்சிக்குக் கூப்பிட ஆரம்பித்ததும், பெரியப்பா சாட்சியையே விலைக்கு வாங்கிவிட்டார். கடத்தூர்ச் சந்தையில் வாங்கிய அழுக்கு வெல்லத்தைக் கரைத்து வைப்பார். நானும் அக்காவும் பழந்துணியை அதில் நனைத்து, பாட்டில் கழுத்தைச் சுற்றியும் மரப்பெட்டியின் அடியிலும் லேசாகத் துடைத்துவிட வேண்டும். ஒட்டினால் தெரிந்துபோகும், ஒட்டாமல் துடைக்க வேண்டும். அக்காவுக்கு அந்தக் கைப்பக்குவம் இருந்தது. பெட்டியைக் கடையில் இறக்கி வைத்த கொஞ்ச நேரத்தில் ஊர் எறும்பெல்லாம் சாரி சாரியாக வந்து ஏறும். கடைக்காரர் சொட்டுவிட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ‘எறும்பே சொல்லுது, அப்புறம் என்னாங்க?’ என்று அப்பா பெட்டியை அடுக்கிவிட்டு வந்துவிடுவார். எறும்புக்கே லஞ்சம் கொடுத்த மனுஷன் என்று அம்மா எங்கள் காதுபடச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அதில் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் மாசியில் அக்காவுக்குத் தாகம் பிடித்தது. வெயிலும் அப்போதே ஏறிவிட்டதால் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பாள். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானைக்கும் ஒதுப்புறத்துக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். நன்றாகச் சாப்பிட்டாள், ஆனால் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. வளர்கிற பெண், உயரம் போடுகிறாள் என்றார்கள். பெரியம்மா பாவாடை நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

எங்கள் வீட்டில் குளிக்கிற தடுப்புக்குப் பின்னால் ஒரு பலகைக் கல் உண்டு. பெண்பிள்ளைகள் நாங்கள் அவசரத்துக்கு அங்கேதான் ஒதுங்குவோம். ஒருநாள் காலையில் பெரியப்பா அந்தப் பக்கம் ஏதோ கம்பி தேடிப் போனவர், கல்லைச் சுற்றிக் கறுப்பாக எறும்பு மொய்த்திருப்பதைப் பார்த்துவிட்டார். அவருக்கு மூளை உடனே வேலை செய்தது. எங்கள் வீட்டில் எறும்பு மொய்க்கிற கலர் ஒன்றே ஒன்றுதான், அது பூட்டிய அறையில் இருப்பது. அக்காவோ எந்நேரமும் தாகம் தாகம் என்கிறவள். யாரோ அறையைத் திறந்து பாட்டிலை எடுத்துவந்து, தடுப்புக்குப் பின்னால் ஒளிந்து குடித்து, கீழேயும் சிந்தியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ!

“அறைச் சாவிய எப்ப எடுத்த?” என்று கேட்டுக்கொண்டே புளிய விளாரை ஒடித்துக்கொண்டு வந்தார்.

“நான் குடிக்கலீங்கப்பா. சத்தியமா குடிக்கலீங்கப்பா.”

“நீ பொய் சொல்லுவ. எறும்பு பொய் சொல்லுமா?”

எறும்பைப் பொய் சொல்ல வைத்தே பிழைத்த மனுஷன் கேட்ட கேள்வி இது. அன்றைக்கு எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அக்கா கெண்டைக்காலில் விளார் விழுந்த இடமெல்லாம் தடித்துவிட்டது. பாட்டில்களை எண்ணிப் பார்த்தாலே ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்திருக்கும். பெரியப்பா எண்ணவில்லை, எறும்பே சொன்ன பிறகு எண்ணுவானேன்?

பெரியம்மா சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு உண்மையில் பாதி தெரியும். கொஞ்ச நாளாகவே அக்கா தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுகிறாள். விடிவதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்க் கழுவுகிறவள் பெரியம்மாதான், அந்தப் பாயிலும் எறும்பு ஊர்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள். சிந்தியது கலர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா வயசுக்கு வருகிற காலம். கலரைத் திருடிக் குடித்தவள் என்று பேர் வந்தால் நாலு நாளில் போய்விடும். படுக்கையில் மூத்திரம் போகிற பெண் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? மகளுக்குத் திருட்டுப் பட்டமே மேல் என்று பெரியம்மா முடிவு செய்து, வாயை மூடிக்கொண்டாள். அடித்து முடித்த பிறகு தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து காலில் தடவினாள். “போவட்டும், உட்டுடு கண்ணு” என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான்.

அக்கா என்னிடம் மட்டும் கேட்டாள், “நான் எடுக்கலன்னு நீயாவது நம்புறியாடி?” நான் நம்புகிறேன் என்றுதான் சொன்னேன். நம்பவில்லை. எனக்கு ஒரு மடக்குத் தராமல் குடித்துவிட்டாளே என்று இருந்தது.

தீர்த்தமலைத் தேர் வந்தது. வருஷத்தில் கலர் அதிகம் ஓடுவது அந்தச் சமயத்தில்தான். வீடே பாட்டிலும் பெட்டியுமாகப் பறந்தது. வெல்லத் தண்ணீர்த் துணியோடு அக்கா உட்கார்ந்தாள், ஆனால் கையைத் தூக்க முடியவில்லை. வயிறு வலிக்கிறது என்று பெட்டிமேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். அப்புறம் வாந்தி. பக்கத்துத் தெரு வைத்தியர் வந்து, வெயில் சூடு, பித்தம் என்று ஒரு சூரணம் கொடுத்துவிட்டுப் போனார். தேர் முடிந்து திரும்பி வந்த பெரியப்பா, மகள் பாயில் வாடிக் கிடப்பதைப் பார்த்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. கெண்டைக்காலில் விளார்த் தடம் இன்னும் மறையவில்லை. அதைப் பார்த்ததும் நேரே கொட்டகைக்குள் போனார்.

பெரியப்பா தன் கையாலேயே கலர் போட்டார். பூட்டிய அறையிலிருந்து மூட்டையை இழுத்துவந்து, கல்யாணக் கலருக்குப் போடுவதைவிட இரட்டிப்பாகச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் காய்ச்சி, ஆற வைத்துப் பாட்டிலில் அடைத்தார். பாட்டிலை அவரே உடைத்து, அக்காவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு புகட்டினார்.

“குடி கண்ணு. இது நெசமான சக்கரை. அப்பா இனிமே அடிக்க மாட்டன்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தாள். வாந்தி எடுப்பாள், மறுபடியும் தாகம் என்பாள், மறுபடியும் அவர் பாட்டிலை உடைப்பார். அந்த முரட்டு மனுஷன் இப்படி ஒருத்தருக்குப் பணிவிடை செய்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மகள் ஆசையாகக் குடிக்கிறாளே என்று அவர் முகம் தெளிந்திருந்தது. அக்கா வாயிலிருந்து ஏதோ பழ வாசனை வந்தது. எசன்ஸ் வாசனை என்று எல்லாரும் நினைத்தோம்.

மறுநாள் காலையில் அக்கா கண் திறக்கவில்லை. ஓடி வந்தவள்போல் பெரிது பெரிதாக மூச்சு வாங்கினாள். பெட்டிகளை வாசலிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, அப்பா வேனில் அவளைப் படுக்க வைத்துத் தர்மபுரிக்கு ஓட்டினார். அங்கே நடந்ததை அப்பா பல வருஷம் கழித்து என் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார். டாக்டர் அக்காவின் முகத்தருகே குனிந்து அந்தப் பழ வாசனையை மோந்து பார்த்திருக்கிறார். பிறகு நிமிர்ந்து, “புள்ள ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு வருதுங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

பெரியப்பா கையில் வழிக்கென்று எடுத்துப்போன சர்க்கரைக் கலர் பாட்டில் இருந்ததாம். “வருதுங்க” என்று பெரியம்மாதான் சொன்னாளாம். சின்னப் பிள்ளைகளுக்கும் சர்க்கரை வியாதி வரும் என்று எங்கள் வீட்டில் அதுவரை ஒருத்தருக்கும் தெரியாது. ஊசி போட்டுப் பார்த்தார்கள். முன்கூட்டியே கொண்டுவந்திருந்தால் தினமும் ஊசி போட்டுக்கொண்டு உயிரோடு இருந்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். அன்று பொழுது சாய்வதற்குள் அக்கா போய்விட்டாள்.

அப்போது எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. காய்ச்சல் முற்றிப் போய்விட்டது என்றார்கள். காரியத்தன்று வாழையிலை போட்டு, அக்காவுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தார்கள். முறுக்கு, சோளப் பொரி, கொய்யாப்பழம். கலரும் வைக்க வேண்டுமே என்று அத்தை ஒருத்தி பூட்டிய அறையிலிருந்து சர்க்கரைக் கலரில் ஒன்றை எடுத்துவந்தாள். பெரியப்பா எழுந்துபோய் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கொட்டகைக்குப் போய், கடைக்குப் போடுகிற சாக்ரின் கலர் பாட்டிலை எடுத்துவந்து இலையில் வைத்தார்.

“செத்த புள்ளைக்குக் கூடவா இதைய வெக்கிறது? நல்ல சக்கரைல போட்டத வெய்யிண்ணா” என்றாள் அத்தை.

“வேணாம். அது அவளுக்கு ஆவாது.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கூடியிருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். செத்துப்போன மகளுக்கு ஒரு பாட்டில் நல்ல கலர் வைக்க மனசு வராத இந்த மாதிரிக் கஞ்சன் உலகத்தில் வேறு எங்கேயாவது இருப்பானா என்று நினைத்தேன். அக்காவுக்காக அவர் மேல் எனக்கு வந்த வெறுப்பு, அப்பா வாய் திறந்து சொல்கிற வரைக்கும் போகவில்லை. அதற்குள் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.