மதினியின் வலி

“சின்ன வயசுல ஒண்ணுக்கு வந்தா எங்க போவீங்க?” என்று அந்தப் பிசியோதெரபி அம்மா என் மதினியிடம் கேட்டபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்கும் மதினிக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம். புருஷன் பெண்டாட்டியாக ஒருநாள்கூட அவர்களால் உறவுகொள்ள முடியவில்லை. அண்ணன் நெருங்கினாலே அவளுக்கு உடம்பு இறுகிவிடும், வலியில் துடித்துப்போவாள். அதைச் சொல்லத்தான் கூச்சத்தை விட்டுக் கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டிக்கு பஸ் ஏறி வந்திருக்கிறோம். இவரானால் கழிப்பறைக் கதை கேட்கிறாரே!

எங்களுக்கு அவகாசமும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பெரியாட்களும் கூடிப் பேசி இந்தக் கல்யாணத்தையே தீர்த்துவிடுவதாக ஏற்பாடு. எங்கள் அம்மாதான் பிடிவாதம் பிடித்தாள். “அவளுக்கு என் மவன் மேல மனசில்லட்டி. அதான் வலிக்கு வலிக்குன்னு நடிக்கா” என்பது அவள் தீர்ப்பு. மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளை பெற்றவர்கள் செய்கிற பயிற்சி என்று, கீழ்த்தசையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். மதினி அதையும் வேளை தவறாமல் செய்தாள். வலி கூடியதுதான் மிச்சம். அண்ணனுக்கு அவளை விட்டுவிட விருப்பமே இல்லை. ஆனால் அம்மாவிடம் இந்த விஷயத்தை எந்த வாயால் பேசுவான்? கடைசியில் ஒரு பெண் மருத்துவர்தான் பரிசோதித்து, புண்ணோ கட்டியோ இல்லை, தசை இறுகிக் கிடக்கிறது என்று சொல்லி இங்கே அனுப்பினார்.

மதினி தயங்கித் தயங்கித்தான் பதில் சொன்னாள். அவளுக்குக் கழுகுமலைப் பக்கம் ஒரு கிராமம். “எங்கூர்ல கக்கூசு கிடையாதும்மா. பருத்திக்காடு, ஒரே வெட்டவெளி. ஒதுங்க ஒரு மறைவு இருக்காது. இருட்டுன பொறவுதான் போவோம். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனப்பவும் பாதியில எந்திரிக்க மாட்டேன். எம்மவ விடிஞ்சா பொழுதடையிற வரைக்கும் அடக்கிக்கிடுவா, மொகஞ் சுளிக்க மாட்டான்னு எங்கம்மா பெருமையாச் சொல்லுவா.”

“இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்மா. இறுக்கியே பழகின தசைக்கு விடத் தெரியல. பயமும் சேர்ந்துக்கிச்சு. நீங்க போதாக்குறைக்கு இன்னும் இறுக்கியிருக்கீங்க. இனிமே தளர்த்தத்தான் பழகணும்” என்றார் அந்த அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று மெச்சியே ஒருத்தியை இந்தக் கதிக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் அவளையே நடிப்புக்காரி என்கிறோமே!

அன்று செய்யச் சொன்னது மூச்சுவிடுவதை மட்டும்தான். வயிற்றில் கை வைத்து, மெல்ல மூச்சை இழுத்து, கீழே எல்லாவற்றையும் தளரவிட வேண்டும். “எப்படி விடுறதுன்னே தெரியலையேம்மா” என்று மதினி அழுதுவிட்டாள். “அவசரமே இல்ல. உங்களைக் கேக்காம நான் தொடவே மாட்டேன்” என்றார் அவர். போகப்போக, சுண்டுவிரல் பருமனுள்ள வழவழப்பான குழல் ஒன்றில் தொடங்கி, அவள் கையாலேயே உள்ளே வைத்துப் பழக வேண்டுமாம். மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை புருஷன் பொறுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வருகிறவர்களுக்குச் சமைக்க அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போட்டு உடைத்தேன். “அவ நடிக்கலம்மா. அது நோவு, வைத்தியம் இருக்கு. அந்த விசயத்துல பொம்பளைக்கு வலிக்கவே கூடாதாம்.”

அம்மாவின் கை அரிவாள்மனையில் அப்படியே நின்றது. “வலிக்கக் கூடாதா?” என்றாள். “எல்லாருக்கும் வலிக்கத்தானட்டி செய்யும்? நாங்கல்லாம் பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கிடக்கலையா? இவ மட்டும் என்ன ஒசத்தின்னுதான் நான்...” முன்னறையில் அப்பா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

சற்று நேரத்தில் அம்மாவே மதினியின் அப்பாவுக்குப் போன் போட்டாள். “அண்ணாச்சி, இன்னைக்கு யாரும் வர வேண்டாம். பிள்ளைக்கு உடம்புக்குத்தான் முடியல. நாங்க பாத்துக்கிடுதோம்.”

மாதக்கணக்கில் வைத்தியம் செய்து, இப்போது மதினி நன்றாக இருக்கிறாள். அவளும் அண்ணனும் சிரித்துப் பேசிக்கொண்டு மாடியேறுவதைப் பார்க்கிறேன். எனக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையின் அதிர்ச்சி இன்னும் போகவில்லை. எல்லாருக்கும் வலிக்கத்தானே செய்யும் என்று கேட்ட அம்மா நாலு பிள்ளை பெற்றவள். கடைசிப் பிள்ளை நான்.