பதினான்கு கிளிக்

வட்டாரத் தொழில் கையேட்டில் ஸ்டானிஸ்லாஸின் பெயருக்கு நேரே இப்படி அச்சாகியிருக்கிறது: 'மின்னல் வேகக் கணினி சேவை. அரை மணியில் தீர்வு.' மின்னலுக்கும் அவருக்கும் ஒரே ஒற்றுமைதான். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் வருவார். ஏறி ஓட்டியதை யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "ஓட்டுனா கடலு சீக்கிரம் முடிஞ்சுபூடுது நைனா" என்பார்.

வயது ஐம்பத்தெட்டு. பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர். ரேம் பட்டையைக் கழற்றி அதன் பித்தளை நிறப் பல்லை அந்த ரப்பரால் தேய்ப்பார். தேய்த்த பிறகு ரப்பரை ஒருமுறை முகர்ந்து பார்ப்பதும் சேவையில் அடக்கம்.

துறைமுகத்தில் இருபது வருடம் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவர். கணினி அவருக்கு இன்னொரு துறைமுகம், அவ்வளவே. "டிஸ்க்குன்றது கொடோனு. அடுக்கிகினே போலாம். ரேமு இன்னா? கப்பலு வந்து கட்ற மேடை. பத்து கப்பலுக்குத்தான் எடம். பதினொன்னாவது வந்துச்சுன்னா வெளிய நங்கூரம் போட்டுகினு கம்முனு கெடக்கணும். கத்துனா எடம் வந்துடுமா?"

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, கடலோரக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடிப் படிப்பகத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அன்று மூன்று மணிக்குள் வட்டார அலுவலகத்தில் கொடுக்கும் பட்டியலில் பெயர் இருந்தால் புது வீடு உண்டு. நூற்று முப்பத்தெட்டுக் குடும்பங்கள். சங்கச் செயலாளர் எழில்மொழி ஆறு நாட்களாக, வந்தவர்களின் அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்திருந்தாள். ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை.

அதற்கு அவளிடம் காரணம் இருந்தது. "போன தபா சேவ் பண்ணதுதான் அண்ணா காணாமலே பூட்ச்சி. எங்க போய் குந்திச்சுன்னே தெரில. கண்ணு முன்னாடி தொறந்தே கெடந்தா எங்கயும் போவாதுல்ல?"

ஆகவே ஆறு நாளாகக் கணினியை யாரும் அணைக்கவில்லை. பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, 'கை வைக்காதே' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அணைக்கத்தான் தடை. பார்க்கத் தடையில்லை. பட்டியலின் மேல் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைத் திறந்து, மூடாமல் எழுந்து போயிருந்தார்கள். இப்போது திரையில் 'நினைவகம் போதவில்லை' என்று ஒரு பெட்டி. பட்டியல் அடியில் எங்கோ. எதைத் தொட்டாலும் ஒரு நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு மாமு, சரியாப்பூடும்" என்றான் ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை செய்யும் நிதிஷ். அவன் அதற்குள் முப்பது முறை கிளிக் செய்திருந்தான்.

"தொட்ட, கைய ஒட்ச்சிருவேன்" என்றாள் எழில்மொழி.

ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியில் அமர்ந்தார். "ஆஃப் பண்ணா மேடையே கடல்ல பூடும். மேல நிக்கிற நூத்தி முப்பத்தெட்டு வூடும் கூடவே பூடும். நீ அமுக்குன ஒவ்வொரு அமுக்கும் ஒரு கப்பலு. மொதல்ல அதெல்லாம் கரை சேரட்டும்." மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

வெளியே, வெயிலில் வெளிறிப் போன கடலில் ஏழெட்டுக் கப்பல்கள் முறைக்காகக் காத்திருந்தன. ஒன்றும் அசையவில்லை. மின்விசிறி ஒரு சுற்றை மறந்து மறுசுற்றை நினைத்துக்கொண்டது. சத்தம் போட்டுக்கொண்டிருந்த கூட்டம் மெல்ல மெல்லத் தரையில் அமர்ந்தது. யாரோ சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார்கள். இருபத்திரண்டு நிமிடம் கழித்து நீல வட்டம் நின்றது. ஸ்டானிஸ்லாஸ் ஒருமுறை கிளிக் செய்தார். மறுபடி கடல்.

"இது யாருது?"

சீட்டாட்டம். நிதிஷ் தலையைச் சொறிந்தான். கல்யாண வீடியோ ஒன்று. பாதியில் நிற்கும் கிரிக்கெட். யாரும் சொந்தம் கொண்டாடாத ஒரு சாமுத்ரிகா லட்சணப் பக்கம். எதையும் கேட்காமல் மூடவில்லை. சீரியலின் முறை வந்தபோது இட்லிக் கடை சொக்கம்மாள் எழுந்தேவிட்டாள். "யப்பா, அத்த மூடாத! எங்க வுட்டேன்னு தெரியாம பூடும்."

மணி ஒன்று. எழில்மொழி அவள் பக்கம் திரும்பினாள். "யக்கா, வூடே பூடப் போவுது, உனக்கு சீரியலா?"

"வூடு பூட்டா அப்பால எங்க குந்திப் பாக்குறது? அதான் கேக்குறேன்."

ஸ்டானிஸ்லாஸ் ஒரு தாள் கேட்டு வாங்கி, அவசரமே இல்லாமல் எழுதினார்: 'நாற்பத்திரண்டாவது நிமிடம். மருமகள் கதவைத் திறக்கிறாள்.' அதை மடித்துச் சொக்கம்மாளிடம் கொடுத்த பிறகே சீரியலை மூடினார்.

அடியிலிருந்து பட்டியல் எழுந்து வந்தது. கடைசிப் பெயர் வரை இருந்தது. அதற்குப் பெயரிட்டுச் சேமித்து, திரையின் நட்டநடுவில் வைத்து, "தோ, இங்கதான் குந்தினு கீது. நல்லாப் பாத்துக்கோ" என்று எழில்மொழியின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். இன்னொரு பிரதி பென்டிரைவில். அவள் அதைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு படியிறங்கி ஓடினாள். இரண்டு நாற்பதுக்கு அலுவலக முத்திரை விழுந்துவிட்டதாக நிதிஷுக்குப் போன் வந்தது.

"அப்பிடி இன்னாதான் பண்ண மாமு?" என்று கேட்க அவன் ஜன்னலுக்குப் போனான். கீழே ஸ்டானிஸ்லாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடற்கரைச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.

பதினொரு மணியிலிருந்து ஒன்றே முக்கால் வரை, அவர் பதினான்கு முறை கிளிக் செய்தார்.