அவள் அழிக்காமல் விட்ட வரி

குட்டிம்மா,

இன்று மதியம் மண்ணரை பிரவுசிங் சென்டரில், இன்டர்நெட்டில் இருக்கிற உன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நீ போய் நாற்பது நாளாகிறது. உன் போட்டோவுக்குக் கீழே ஒருத்தன், "செத்தது நல்லதாப் போச்சு, வாயாடி" என்று எழுதியிருக்கிறான்.

உன் சிநேகிதிகள் சொல்லி நேற்றே போயிருந்தேன். அதைப் பிரிண்ட் எடுத்து வந்தால் ஆளைப் பிடித்து உள்ளே வைக்கலாம் என்று ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள்.

"எந்த வரிங்க?" என்று கேட்டாள் சென்டர் கோமதி. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் இருந்து அப்படியே வந்திருந்தேன். கறை பட்ட பனியனுக்கு ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் புறங்கையிலேயே இருந்தது. எடுத்து அந்த வரிக்கு நேராக ஸ்கிரீனில் ஒட்டிவிட்டேன்.

"ஏனுங்க அக்கா, கம்ப்யூட்டருக்குமா செக்கிங்?" என்று சிரித்தவள், பக்கத்தில் பழையதையெல்லாம் தள்ளிப் பார்த்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "இவன் முன்னாடியும் திட்டியிருக்கறானுங்க. பாப்பா பதில் போட்டிருக்குதுங்க."

படித்துக் காட்டினாள்.

"நீ பேசு. நான் அழிக்க மாட்டேன். பதில் சொல்ல எனக்கும் வாய் இருக்கு."

சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்லாமல் சாப்பிட்டு எழுகிற பிள்ளை நீ. ஊரே பார்க்கிற இடத்தில் இவ்வளவு பெரிய மனுஷியாக நின்றிருக்கிறாய். பெற்றவளுக்கே தெரியவில்லை.

பிரிண்ட் எடுத்தாகிவிட்டது. பையில் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல இதை உன் பக்கத்திலேயே கோமதிதான் அடிக்கிறாள். படிக்கிற உன் சிநேகிதிகள் ஆளுக்கொரு யோசனை சொல்லுவார்கள், சொல்லட்டும்.

ஆனால் வாய் இருக்கு என்று சொன்னவள் நீதானே கண்ணு. இந்தத் தாளை ஸ்டேஷனில் கொடுக்கட்டுமா, இல்லை உனக்குப் பதிலாக நானே அவனுக்குப் பதில் சொல்லட்டுமா?