பால் வண்டிக்கு ரெட்டைக் குழாய்

என் தங்கை புருஷனுக்குப் புத்தி இல்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனுடைய பிக்கப் வண்டியே சொன்னது. மூன்று நாள், ஒன்பது ஊருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது.

புத்தூரில் கார்வேட்டிநகரம் போகும் ரோட்டில் எனக்கு சைலன்சர் ஷெட். நாலு தகரம், ஒரு குழி, ஒரு வெல்டிங் மிஷின். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வண்டியின் புகைக் குழாயைப் பற்றித் தெரியும். மற்றதைப் பற்றிப் பேச மாட்டேன்.

மாப்பிள்ளை பால் வண்டி ஓட்டினான். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. ஒன்பது ஊரில் நின்று பாலை வாங்கிக் கேனில் ஊற்றி, புத்தூரில் இருக்கிற பால் சென்டரில் இறக்க வேண்டும். சொந்த நிலம் கிடையாது. என் தங்கை வீட்டு அடுப்பு அந்த ரூட்டில்தான் எரிந்தது.

அது பழைய டீசல் வண்டி. இன்ஜினிலிருந்து வரும் குழாயும் சைலன்சரும் சேரும் இடத்தில் பேக்கிங் நிற்காது. நான் புதுசு போடுவேன், மாதம் திரும்புவதற்குள் பிய்த்துக்கொண்டு போகும். நாலைந்து தடவை பார்த்துவிட்டு, "உடு மச்சான், ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்றான். விட்டுவிட்டேன். அதிலிருந்து அந்த மூட்டில் புகை ஒழுகி, வண்டி டப் டப் என்று இருமிக்கொண்டே போகும். மேடு ஏறினால் விக்கும். கியர் மாற்றும்போது ஒரு அழுகை. ஒழுக்கு இல்லாமல் ஒட்டுகிறவன் என்று எனக்குப் பேர். என் தங்கை வீட்டு வண்டி இப்படிக் கத்திக்கொண்டு ஷெட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மாங்காய் சீசன் ஆரம்பிக்கிற நேரத்தில் ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். யாரோ ஒருவனுடைய வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் தடித்தடியாகப் பளபளக்கிற குழாய்.

"மச்சான், இத்தப் பாரு. இன்னா கெத்தா கீது பாரு. நம்ம வண்டிக்கு இந்த மாரி போட்டுக் குடு."

"பால் வண்டிக்கு இன்னாத்துக்கு மாப்ளே கெத்து?"

"ஒனக்குத் தெரியாது. ரெண்டு குழா இருந்தா இஞ்சின் நல்லா மூச்சு உடும். மேட்டுல சும்மா பிச்சிக்கினு ஏறும்."

"ஒன் இஞ்சின்ல புகை வர்றது ஒரே ஓட்டை. அத்த ரெண்டாப் பிரிச்சா ரெண்டு மூச்சு ஆயிடுமா? ஒன் மூக்குல ரெண்டு ஓட்டை கீதே, புத்தி ரெண்டு பங்கா ஆயிடுச்சா?"

அவன் சிரிக்கவில்லை. "செய்வியா, மாட்டியா? இல்லாட்டி திருப்பதிக்குப் போறேன். அங்க ஒருத்தன் போடறான்."

அந்தத் திருப்பதிக்காரன் வேலையை நான் பார்த்திருக்கிறேன். எச்சில் தொட்டு ஒட்டினதுபோல இருக்கும். என் தங்கை வீட்டு வண்டி அவன் குழியில் நிற்பதா என்று நினைத்தேன். குழியில் ஏற்று என்றேன். என் புத்தியும் அவ்வளவுதான்.

இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளும் அவன் யாருடைய வண்டியையோ கேட்டு வாங்கி, கூலிக்கு ஒரு பையனை பைக்கில் முன்னால் அனுப்பிக் குரல் கொடுக்கவைத்து நடை அடித்தான். பழைய சைலன்சரின் போல்ட்டெல்லாம் துருவில் ஒட்டிப்போயிருந்தது. அறுத்துத்தான் எடுத்தேன். அன்றைக்கு வந்த பழைய இரும்புக்காரன் அதையும் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குழாயை இரண்டாகப் பிரிக்க ஒரு கவட்டை செய்தேன். இடது பக்கத்துக்கு வழி இருந்தது. வலது பக்கத்துக்கு ஸ்டெப்னி டயர் தடுத்தது. அதைக் கழற்றி மேலே தொட்டியில் போடச் சொன்னான். போட்டேன். நாலு பால் கேன் நிற்கிற இடம் போனது. சைலன்சர் டப்பா வேண்டாம், சத்தம் வேணும் என்றான். வைக்கவில்லை. ஒட்டு மட்டும் சுத்தமாக ஒட்டினேன். ஒரு இடத்தில் ஒழுக்கு கிடையாது.

ஸ்டார்ட் செய்தான். ஷெட் தகரம் அதிர்ந்தது. எதிர் டீக்கடையில் ஒருவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பெற்றவன் மாதிரி இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனதும் என் தங்கை இரண்டு குழாய்க்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மறுநாள் சூட்டில் அது வெந்து கறுத்துத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அவனுக்கும் எனக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. தெரியாது என்று சொல்வதும் பொய். தெரியும், யோசிக்கவில்லை.

அந்த ஒன்பது ஊர்ப் பெண்களும் கடிகாரம் பார்த்துப் பால் கறப்பதில்லை. முன்னாலேயே கறந்து வைத்தால் வெயிலுக்குக் கெட்டுவிடும். வண்டி மேடு ஏறுகிற சத்தம் கேட்டுத்தான் மாட்டடியில் உட்காருவார்கள். கறந்து முடிக்கவும் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருக்கும். ஹாரனுக்கு அங்கே மரியாதை இல்லை. மாங்காய் டிராக்டர் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டுதான் போகிறது. அவர்களுக்கு அடையாளம் அந்த இருமலும் விக்கலும்தான்.

முதல் நாள் காலை வண்டி உறுமிக்கொண்டு போய் முதல் ஊரில் நின்றது. ஒருத்தரும் இல்லை. கீழே மாட்டுக் கொட்டாயில் ஒரு அம்மா சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"பால் எங்கம்மா?"

"வண்டி வந்தாத்தானே கறக்க?"

"இது இன்னா, வண்டி இல்லாம?"

"இதா? ஜல்லி லாரின்னு நெனச்சேன். இன்னா நைனா, ஒன் வண்டி செத்துப்போச்சா?"

உட்கார்ந்து கறக்கட்டும் என்று நின்றான். இன்ஜினை நிறுத்தவில்லை, நாலு பேர் குழாயைப் பார்க்கட்டும் என்று. மாடு மிரண்டு பால் இறக்கவில்லை. ஒரு மாடு உதைத்துச் சொம்பு உருண்டது. அந்த அம்மா அவனைத் திட்டின திட்டை அவனே என்னிடம் சொன்னான். எழுத முடியாது.

ஒவ்வொரு ஊரிலும் இதே கதை. கடைசி ஊரைத் தொடுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. முதல் கேன் பால் சென்டரில் திரிந்துபோய் இறங்கியது.

இனிமேல் இந்தச் சத்தம்தான் நம் வண்டி என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டு வந்தான். அதற்கும் பலன் இல்லை. அந்த ரோட்டில் கல் குவாரி டிப்பர் எல்லாம் அதே உறுமல்தான். ஒருத்தி டிப்பர் சத்தத்துக்கு எழுந்து கறந்து வைத்துவிட்டு, பால் வண்டிக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். மூன்றாம் நாளும் ஒரு கேன் கெட்டது. சென்டர் சூப்பர்வைசர் கேனைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினார்.

"ஏமய்யா, ரோஜூ இதேனா? பாலு விரிகிப்போயாயி. இங்கோசாரி ஐதே பண்டி மார்ச்சேஸ்தா."

இன்னொரு தடவை கெட்டால் ரூட்டுக்கு வேறு வண்டி. அப்படிச் சொன்னால் செய்கிறவர் அவர். அன்று மத்தியானம் என் தங்கை ஷெட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அவருக்குத்தான் புத்தி இல்ல. ஒனக்கு எங்கண்ணா போச்சு?"

கேட்டது சரிதானே.

மாப்பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். பழைய சைலன்சரைத் தேடினோம். அது மெட்ராஸ் பக்கம் உருக்கப் போய்விட்டது. கவட்டையில் வலது பக்க வாயை உள்ளே தகடு வைத்து அடைத்தேன். இடது பக்கத்துக்குப் புது டப்பா வைத்து ஒட்டினேன். சத்தம் அடங்கியது. நல்ல வேலை. என்ன பிரயோஜனம்? வண்டி பூனை மாதிரி போனது. ஷெட்டிலிருந்து டீக்கடைக்குக் கேட்கவில்லை, மேட்டிலிருந்து கொட்டாய்க்கு எங்கே கேட்கும்?

ஆக, செய்ய வேண்டியது ஒன்றுதான். என் கையால் ஒட்டின ஒட்டுக்குப் பக்கத்தில் என் கையால் ஓட்டை போட வேண்டும். டிரில் மிஷினை எடுத்துப் போட்டேன்.

"மச்சான், கோச்சிக்கினியா?" என்றான்.

"படுத்துக்கினு லைட்ட சரியாப் புடி."

ஷெட்டில் கேட்க ஏறக்குறைய சரியாக இருந்தது. ஆனால் கேட்க வேண்டியது நான் இல்லை. வட்ட அரமும் ஈரச் சாக்கும் எடுத்துக்கொண்டு சாயங்கால நடைக்கு அவனோடு நானும் ஏறினேன். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினோம்.

முதல் ஊர் மேட்டில் வண்டியை நிறுத்தினோம். மாப்பிள்ளை விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட, சாணி அள்ளின அம்மாவும் இன்னும் மூன்று பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏறி வந்தார்கள்.

"ஏத்து, கேக்கலாம்," என்றாள் அந்த அம்மா.

மாப்பிள்ளை ஆக்சிலேட்டரை மிதித்தான்.

"அது இல்ல. இது விசில் அடிக்குது. பழசு அழும்."

நான் கீழே புகுந்தேன். குழாய் கொதித்தது. சாக்கைச் சுற்றிக்கொண்டு அரத்தால் ஓட்டையைப் பெரிசாக்கினேன்.

"இப்ப?"

"அழுது. விக்கல் வரல."

"இன்னும் நாலு இழுப்பு இழு, அண்ணா," என்றாள் இன்னொருத்தி. "தொண்ட கட்டுன ஆம்பள மாரி இருக்கும் அது."

"ஒன் ஊட்டுக்காரு மாரியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

சிரித்தார்கள். நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன். இத்தனை வருஷத்தில் ஒழுக்கு அடைக்கச் சொல்லித்தான் ஆள் வந்திருக்கிறது. இப்போது நாலு பெண்கள் மேலே நின்றுகொண்டு ஒழுக்குக்கு அளவு சொன்னார்கள். முழங்கை குழாயில் பட்டுத் தோல் உரிந்தது. அரத்தை விடவில்லை.

மூன்றாம் தடவை அந்த அம்மா தலையை ஆட்டினாள். "இங்க நின்னு கேட்டா எனக்குத் தெரியாது. கொட்டாய்ல உக்காந்து கேக்கணும். வண்டிய பின்னால எடுத்துக்கினு போயி ஏறி வா."

அவர்கள் இறங்கிப் போனார்கள். மாப்பிள்ளை வண்டியைப் பின்னால் கொண்டுபோனான். நான் மேட்டிலேயே நின்றேன். அவன் ஏறி வந்தான். டப் டப், ஒரு விக்கல், கியர் மாறும் இடத்தில் ஒரு அழுகை. எனக்கு அது அசிங்கமாகத்தான் கேட்டது.

கீழே யாரும் சரி என்று கை காட்டவில்லை. பார்த்தேன். ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி சொம்போடு கொட்டாய்க்குள் போனாள். அடுத்த வீட்டில் ஒருத்தி தோட்டத்திலிருந்து ஓடி வந்து கன்றை அவிழ்த்தாள். சாணி அம்மா ஏற்கெனவே மாட்டடியில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று ஒன்பது ஊரும் அப்படியே. பால் நேரத்துக்கு இறங்கியது. சூப்பர்வைசர் மோந்து பார்த்தார், அடுத்த கேனுக்குப் போனார். ரூட் கை விட்டுப் போகவில்லை.

இன்றைக்கும் அவன்தான் ஓட்டுகிறான். ஸ்டெப்னி இன்னும் தொட்டியில் கேன்களுக்கு நடுவே கிடக்கிறது. ஓட்டையில் கரி அடைத்தால் சத்தம் மாறிவிடும். அதனால் மாதம் ஒரு தடவை வண்டியைக் குழியில் ஏற்றுவான். நான் அரத்தைப் போட்டு ஓட்டையைச் சுத்தம் செய்வேன். டிரைவர்கள் இரண்டு மூன்று பேர் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு, எனக்கும் இதே மாதிரி ரெட்டைக் குழாய் போடு என்று வந்தார்கள். திருப்பதிக்குப் போகச் சொன்னேன்.

போன மாதம் அடியில் படுத்திருந்தபோது வலது பக்கக் குழாயைப் பார்த்தேன். புகையே போகாத குழாய். வாயில் குளவி மண் கூடு கட்டியிருந்தது. அரத்தின் முனையால் தட்டப் போனேன்.

"மச்சான், பாத்து," என்றான் மேலே இருந்து. "காலையிலதான் பாலிஷ் போட்டேன்."